கூடு இறக்கினா லாப்ஸ்டர் மாட்டிடுமா? மெய்ன் கடற்கரையில கூடு, பெர்மிட், அளவு எல்லாம் எப்படி நடக்குது

போன ஜூலைல சித்தி பையன் ஊர்ல இருந்து வந்திருந்தான், ரெண்டு வாரம் எங்க வீட்லதான் இருந்தான். அவனை இங்க அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்து போர்ட்லாண்ட் துறைமுகம் பக்கம் கூட்டிட்டுப் போனப்ப அங்க மஞ்சளும் பச்சையுமா கம்பிக்கூடு ஆள் உயரத்துக்கு அடுக்கி வச்சிருக்கிறதைப் பாத்துட்டு, "அண்ணே, இது கடையில விக்குமாண்ணே? ஒண்ணு வாங்கி உள்ள மீன் தலையைக் கட்டி அந்த பாறைப் பக்கம் இறக்கிட்டா நாளைக்கு மதியத்துக்கு ஆச்சே"ன்னான். கடலோரத்துல பொறந்து வளந்தவன் அப்படித்தான் கேப்பான், நானும் இங்க வந்த புதுசுல அதேதான் நெனச்சேன். கூடு கடையில விக்கும், யார் வேணா காசு குடுத்து வாங்கலாம், அதுல ஒரு தடையும் இல்ல. ஆனா அதைத் தண்ணில இறக்குறதுக்கு அவனுக்கு இங்க உரிமை கிடையாது. சுத்திப் பாக்க வந்தவங்க யாருக்குமே கிடையாது. பாஸ்டன்ல இருந்தும் நியூ ஜெர்சில இருந்தும் கோடை லீவுக்கு மெய்ன் வர்ற நம்மாளுங்க நெறைய பேர் இதே கேள்வியைக் கேக்குறாங்க, அதனால முதல்ல இருந்து சொல்றேன்.

முதல்ல அந்த உயிரைப் பத்தி. நம்ம கன்னியாகுமரிப் பக்கம், மன்னார் வளைகுடாப் பக்கம் கிடைக்கிற சிங்கி இறாலும் இங்க மெய்ன்ல பிடிக்கிற லாப்ஸ்டரும் வேற வேற. நம்ம சிங்கி இறாலுக்குக் கொடுக்கு இருக்காது, அதுக்குப் பதிலா முள்ளு முள்ளா நீளமான மீசை இருக்கும், சதை பூரா வால்லதான். புளோரிடால கிடைக்கிறதும் நம்ம வகையோட சொந்தம்தான். மெய்ன் லாப்ஸ்டருக்கு முன்னாடி ரெண்டு பெரிய கொடுக்கு, அது ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது, ஒண்ணு தடிமனா சிப்பி ஓட்டையெல்லாம் நொறுக்குற மாதிரி, இன்னொண்ணு ஒல்லியா கத்திரி மாதிரி. கடையில வாங்குறப்ப கொடுக்குல ரப்பர் பேண்ட் போட்டிருக்கும் பாருங்க, அது நம்ம விரலுக்காக மட்டும் இல்ல, தொட்டிக்குள்ள ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் குதறிடும், அதுக்காகவும்தான். குளிர் தண்ணில வளர்றதால ரொம்ப மெதுவாத்தான் வளரும். பழைய ஓட்டைக் கழட்டிட்டுப் புது ஓட்டோட கொஞ்சம் பெருசாகும், பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி, அப்படி உரிச்சு உரிச்சு தட்டுக்கு வர்ற அளவுக்கு ஆகுறதுக்கு ஏழு வருஷம் போல ஆகும். ஒரு பவுண்டு லாப்ஸ்டரைக் கையில வச்சிருக்கீங்கன்னா ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பிள்ளையோட வயசு அதுக்கு. இந்த ஏழு வருஷக் கணக்கை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வர்ற சட்டம் எல்லாம் இதுல இருந்துதான் கிளம்புது.

சரி, கூடு. முன்னாடி எல்லாம் மரச்சட்டத்துல மேல வளைவா செஞ்சாங்க, இப்ப அது ஓட்டல் வாசல்ல அழகுக்கு வச்சிருக்கிறதோட சரி. இப்ப எல்லாரும் பிளாஸ்டிக் பூச்சு போட்ட கம்பி வலைக்கூடுதான். பொதுவா நாலடி நீளம் இருக்கும், அலைக்கு அசையாம இருக்க உள்ள செங்கல்லோ இரும்போ வச்சிருப்பாங்க, வெறும் கூடைத் தூக்குறதுக்கே முதுகு பிடிச்சுக்கும். உள்ள ரெண்டு ரூம். முதல் ரூமுக்கு இங்க மீனவங்க வச்சிருக்கிற பேரு கிச்சன், ரெண்டாவதுக்கு பார்லர், அதாவது நம்ம வீட்டு அடுப்படியும் முன் ஹாலும் மாதிரி. கிச்சன் ரெண்டு பக்கத்துலயும் நைலான் கயித்துல பின்னின புனல் மாதிரி வாசல் இருக்கும், வெளிய அகலம் உள்ள போகப் போகக் குறுகல். நம்ம ஊர் ஆத்துல மீன் பறி வச்சிருப்பாங்கள்ல, மீன் உள்ள வர்றது சுலபம் திரும்புறது கஷ்டம்னு, அதே கணக்குதான் இதுவும். கிச்சன் நடுவுல இரை வச்ச பை தொங்கும். இரைன்னா பெரும்பாலும் ஹெரிங், நம்ம சாளை மீனுக்குச் சொந்தக்கார மீன், உப்புப் போட்டு வச்சிருப்பாங்க. ஹெரிங் பிடிக்கிறதுக்கு இப்ப அளவைக் குறைச்சுட்டதால போகின்னு இன்னொரு எண்ணெய் மீனையும் நெறைய போடுறாங்க. அந்த வாடை சட்டையில ஒட்டினா ரெண்டு தடவை துவைச்சாலும் போகாது.

லாப்ஸ்டருக்குக் கண்ணு பெருசா உதவாது, வாசனை பிடிச்சுத்தான் வரும். கிச்சனுக்குள்ள வந்து இரையைக் கொத்தித் தின்னுட்டு, வெளிய போக வழி தேடுறப்ப கண்ணுக்கு முன்னாடி இன்னொரு புனல் சரிவா மேல ஏறிப் போகும், அதுல ஏறினா பார்லர்ல விழுந்துடும். அங்க இருந்து கிச்சனுக்குத் திரும்பி வர்றது அதுக்குக் கஷ்டம். இவ்வளவுதான் கூட்டோட வேலை.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. பக்கத்து ஸ்டேட் நியூ ஹாம்ப்ஷர் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்றவங்க ஒரு கூட்டு மேல கேமரா கட்டிக் கடலுக்கு அடில விட்டு உள்ள என்ன நடக்குதுன்னு பாத்தாங்க, 2001ல அது வெளிவந்துச்சு. உள்ள போன லாப்ஸ்டர்ல நூத்துக்கு 94 வெளிய வந்துடுச்சு! அதுலயும் பெரும்பாலானது போன வாசல் வழியாவே திரும்பி வந்துச்சு. நாம எலிப்பொறி மாதிரி நெனச்சுட்டு இருக்கோம், ஆனா இது கடலுக்கு அடில நடக்கிற ஒரு அன்னதானப் பந்தி, வர்றவங்க எல்லாம் சாப்பிட்டுட்டுப் போறாங்க, கூட்டைத் தூக்குற அந்த நேரத்துல யார் இலை முன்னாடி உக்காந்திருக்காங்களோ அவங்க மட்டும் மாட்டுறாங்க. அதோட உள்ள இருக்கிற பெரிய லாப்ஸ்டர் ஒண்ணு வாசல்கிட்ட நின்னுக்கிட்டு வர்றதுகளை எல்லாம் விரட்டவும் செய்யும். அதனால தம்பி நெனச்ச மாதிரி ஒரு கூட்டை இறக்கிட்டு மறுநாள் போனா மதியச் சாப்பாட்டுக்கு உத்தரவாதம் எல்லாம் இல்ல, ரெண்டு மூணு ராத்திரி கழிச்சுத் தூக்கினாலும் பாதி நாள் நண்டும் பாசியும்தான் வரும்.

இன்னும் ரெண்டு சமாச்சாரம் கூட்டுலயே சட்டப்படி இருந்தாகணும். பார்லர் சுவத்துல ஒரு திறப்பு வேணும், நீள்சதுரமா வச்சா உயரம் 2 இன்சுக்கு அரை நூல் கம்மி, அகலம் 5¾ இன்ச். இதுக்கு எஸ்கேப் வென்ட்னு பேரு. சின்ன லாப்ஸ்டர் அது வழியா தானா நழுவிப் போயிடும். ரெண்டாவது, கோஸ்ட் பேனல்னு ஒரு கதவு. புயல்ல கயிறு அறுந்து கூடு அடியிலேயே தங்கிட்டா என்ன ஆகும், உள்ள மாட்டினது செத்து, அதுவே இரையாகி அடுத்தது வந்து, அதுவும் செத்து, ஆள் இல்லாமயே அந்தக் கூடு வருஷக்கணக்கா கொன்னுட்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கதவைத் துருப்பிடிச்சு உதிர்ற இரும்பு வளையத்துலயோ மக்கிப் போற கயித்துலயோ கட்டி வைக்கணும்னு வச்சிருக்காங்க, கொஞ்ச காலத்துல கட்டு விட்டுப் போய் கதவு தானா திறந்துக்கும். தொலைஞ்சு போன பின்னாடியும் அந்தக் கூடு யாரையும் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யோசிச்சிருக்காங்க பாருங்க, இது எனக்கு எப்பவும் மனசைத் தொடுற விஷயம்.

எங்க தெருவுல ஒரு பெரியவர் இருக்கார், அறுபது தாண்டினவர், பதினாலு வயசுல இருந்து இதே தொழில். மூணு வருஷம் முன்னாடி ஆகஸ்ட் மாசம் விடிகாலையில அவர் போட்டுல என்னையும் சும்மா பாக்க ஏத்திக்கிட்டார். தண்ணி மேல மிதவை (எங்க ஊர்ல போயான்னு சொல்வோம்) நூத்துக்கணக்குல கெடக்கு, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கலர், அவரோடது வெள்ளையில ஆரஞ்சுப் பட்டை. அவர் லைசென்ஸ் நம்பர் அதுல சூடு வச்ச மாதிரி பதிஞ்சிருக்கும், அதே கலர் அவர் போட் மேலயும் எல்லாருக்கும் தெரியுற மாதிரி இருக்கணும். கொக்கியால மிதவையைப் பிடிச்சு, கயித்தை உருளையில மாட்டி மிஷினைத் தட்டினார், கயிறு சர்ருனு சுத்திச்சு, தண்ணி சொட்டச் சொட்டக் கூடு மேல வந்து நின்னுச்சு. உள்ள ஏழு இருந்துச்சு. நான் சந்தோஷப்பட்டேன், ஏழான்னு. அவர் முகத்துல ஒண்ணும் மாறல.

பித்தளையில ஒரு அளவுகோல் அவர் கைக்கு அடியில கெடக்கும். லாப்ஸ்டரை முதுகுல பிடிச்சு, கண்ணு இருக்கிற குழியோட பின்பக்க விளிம்புல அந்தக் கோலோட முனையை வச்சு, தலை ஓடு முடியுற இடம் வரைக்கும் நேரா அளப்பாங்க, வாலைக் கணக்குல சேக்க மாட்டாங்க. மூணேகால் இன்சுக்குக் கம்மின்னா கடல்ல போடணும். 5 இன்சுக்கு மேலன்னாலும் கடல்லதான். இந்த ரெண்டாவது விதி மெய்ன்ல 1933ல இருந்தே இருக்கு, பெருசு விட்டாத்தான் அது போடுற முட்டையும் பெருசா நெறைய இருக்கும்னு. அந்த ஏழுல முதல் மூணு பாத்த உடனே போச்சு, அளக்கவே இல்ல, கண்ணாலயே தெரியுது அவருக்கு. நாலாவதை அளந்தார், கோல் ஓட்டு மேல இடிக்காம தாண்டிப் போச்சு, ஒரு மயிரிழைதான் கம்மி. எனக்கு அது பத்தும்னு தோணுச்சு. அவர் ஒண்ணும் சொல்லாம தண்ணில விட்டுட்டார்.

அஞ்சாவதைத் திருப்பினார், வாலுக்கு அடியில கருப்பும் பச்சையுமா கடுகைக் கொட்டி வச்ச மாதிரி முட்டை. சினை லாப்ஸ்டர். ஒரு பெண் ஒன்பதுல இருந்து பதினோரு மாசம் வரைக்கும் இப்படி முட்டையை வாலுக்கு அடியிலேயே சுமக்கும், சின்னதுன்னா சில ஆயிரம், பெருசுன்னா லட்சம் வரைக்கும் போகும். அவர் கத்திரி மாதிரி ஒரு கருவியை எடுத்து வால் விசிறில நடுத்துடுப்புக்கு வலது பக்கத்துத் துடுப்புல வி எழுத்து மாதிரி ஒரு வெட்டு, அவ்வளவுதான், அதுக்கு வலிச்ச மாதிரியே தெரியல, ரெண்டு கையாலயும் ஏந்திக் கொண்டு போய் தண்ணிக்குப் பக்கத்துல விட்டார், வீசல. இந்த வெட்டுதான் வி-நாட்ச். இனிமே இந்த லாப்ஸ்டர் முட்டை இல்லாத காலத்துல வேற யாரோட கூட்டுல மாட்டினாலும் அந்த வெட்டைப் பாத்த உடனே திருப்பி விட்டாகணும், ஏன்னா இது முட்டை போடுற தாய்னு முன்னாடி ஒருத்தர் நிரூபிச்சு அடையாளம் வச்சிருக்கார். வெட்டு பாதி ஆறிப் போயிருந்தாலும் இங்க விடணும். முகம் தெரியாத ஒரு மீனவர் இன்னொரு மீனவருக்கு லாப்ஸ்டர் வால்ல எழுதி அனுப்புற கடுதாசி மாதிரி அது. ஏழுல அவர் கடைசியா பெட்டில போட்டது ரெண்டே ரெண்டு. கொடுக்குல ரப்பர் பேண்டை மாட்டிட்டு, இரை வச்ச பையை மாத்திட்டு, கூட்டைத் திரும்ப இறக்கிட்டு அடுத்த மிதவைக்குப் போயிட்டார்.

அதைப் பாத்த பிறகுதான் எனக்குப் பெர்மிட் எதுக்குன்னே புரிஞ்சது. கூடு சும்மா ஒரு பெட்டி, அது நல்லது கெட்டது பாக்காது. எதை வச்சுக்கணும் எதை விடணும்னு தெரிஞ்ச ஒரு கை அந்தக் கயித்தோட மறுமுனையில இருக்கணும், அந்தக் கை யாரோடதுன்னு அரசாங்கத்துக்குத் தெரிஞ்சிருக்கணும். லைசென்ஸ்னா இங்க அவ்வளவுதான் அர்த்தம்.

இப்ப யாருக்கு எந்த பெர்மிட்னு பாப்போம். வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் பிடிக்கணும்னா வணிகம் இல்லாத லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கு, மெய்ன் மாநில கடல்வளத் துறை குடுக்குது. நீங்க மெய்ன்ல நிரந்தரமா குடியிருக்கணும், அதான் முதல் நிபந்தனை, அதனாலதான் சித்தி பையனுக்கு வழி இல்ல, பாஸ்டன்காரருக்கும் வழி இல்ல. முதல் தடவை எடுக்கிறவங்க ஒரு எழுத்துப் பரீட்சை எழுதணும், லாப்ஸ்டர் எப்படி வளருது, எப்படி அளக்கணும், எதை விடணும்னு எல்லாம் கேப்பாங்க. பாஸானா அதிகபட்சம் 5 கூடு. ஒவ்வொரு கூட்டுலயும் அந்த வருஷத்து டேக் மாட்டியிருக்கணும், மிதவையில நம்பர், கூட்டுல எஸ்கேப் வென்ட், கோஸ்ட் பேனல், எல்லாம் தொழில்காரங்களுக்கு இருக்கிற அதே விதி. பிடிச்சதை ஒண்ணு கூட விக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் காசு குடுத்தாலும் வாங்கக் கூடாது. அதுவும் அந்த லைசென்ஸ் உங்க ஒருத்தருக்குத்தான், மச்சானை அனுப்பி என் கூட்டைத் தூக்கிட்டு வாடான்னு சொல்ல முடியாது. நானும் போன வருஷம் இந்தப் பரீட்சை எழுதித்தான் எடுத்தேன், கேள்வி ஒண்ணும் பயப்படுற அளவுக்கு இல்ல, ஆனா விதிப் புத்தகத்தைப் படிக்காம போனா கண்டிப்பா தடுமாறுவீங்க.

தொழிலா செய்யணும்னா அது வேற உலகம். வாங்கலாம்னு காசோட போனா கிடைக்காது. முதல்ல அப்ரண்டிஸ் லைசென்ஸ் எடுத்து, ஏற்கனவே லைசென்ஸ் இருக்கிற ஒருத்தர்கிட்ட வேலை கத்துக்கணும், குறைஞ்சது 1000 மணி நேரம், 200 நாள், அதுவும் ரெண்டு வருஷத்துக்குக் குறையாம, எல்லாத்தையும் நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கி வச்சிருக்கணும். அதை முடிச்சாலும் உடனே லைசென்ஸ் வராது. 1995ல வந்த சட்டப்படி கடற்கரை பூராவும் ஏல இருந்து ஜி வரைக்கும் ஏழு ஸோனா பிரிச்சிருக்காங்க, ஒவ்வொரு ஸோனுக்கும் மீனவங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற கவுன்சில் இருக்கு, ஆள் சேக்கிறதுக்கு வரம்பு வச்ச ஸோன்ல பழையவங்க ஒதுங்கினாத்தான் புதுசா ஒருத்தர் உள்ள வர முடியும். வெயிட்டிங் லிஸ்ட்ல பத்து வருஷத்துக்கும் மேல காத்திருந்தவங்க இருக்காங்க. இது சரியா தப்பான்னு இங்க இன்னும் சண்டை நடக்குது, காத்திருக்கிற இளவட்டங்களோட கஷ்டம் நிஜமானது, எனக்கே ரெண்டு பேரைத் தெரியும். ஆனா பிள்ளைங்களுக்கு ஒரு நல்ல வழி வச்சிருக்காங்க, ஸ்டூடண்ட் லைசென்ஸ், 8 வயசுல இருந்தே எடுக்கலாம், ரொம்பச் சின்னப் பிள்ளைன்னா 10 கூடு, வளர வளர 50, அப்புறம் 150. படிச்சுட்டே அந்த நேரக் கணக்கைக் குறிப்பிட்ட வயசுக்குள்ள முடிச்சுட்டா அந்த லிஸ்ட்ல நிக்காமலேயே வந்துடலாம். பத்து வயசுப் பொண்ணு ஒண்ணு அப்பாவோட போட்டுல தன்னோட பத்து கூட்டைத் தானே அளந்து பாத்து எடுக்கிறதை நான் பாத்திருக்கேன், அளவுகோல் பிடிக்கிற விதம் அப்படியே அந்தப் பெரியவர் மாதிரி.

முழு லைசென்ஸ் மூணு கிளாஸ், முதல் கிளாஸ்னா தனியா மட்டும், ரெண்டாவதுன்னா லைசென்ஸ் இல்லாத உதவியாள் ஒருத்தரை வச்சுக்கலாம், மூணாவதுன்னா ரெண்டு பேர். கூட்டு எண்ணிக்கை அதிகபட்சம் 800, சில இடத்துல அதை விடக் கம்மி. இதெல்லாம் கரையில இருந்து 3 கடல் மைலுக்குள்ள. அதைத் தாண்டி வெளிய போய் தொழில் பண்ணணும்னா மத்திய அரசோட பெர்மிட் தனியா வேணும், அதுவும் புதுசா குடுக்கிறதில்ல, இருக்கிறவங்ககிட்ட இருந்து கை மாறினாத்தான் உண்டு.

மெய்ன்ல முக்குளிச்சுப் பிடிக்கவே முடியாது, கூடு ஒண்ணுதான் வழி, கையில லைசென்ஸ் இருந்தாலும் தண்ணிக்குள்ள போய் கையால தூக்கக் கூடாது. இதுல ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வித்தியாசம் இருக்கு. மாசசூசெட்ஸ்ல பெர்மிட் இருந்தா வீட்டுத் தேவைக்கு 10 கூடு வரைக்கும் போடலாம், முக்குளிச்சும் பிடிக்கலாம். புளோரிடால அப்படியே தலைகீழ், அங்க பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவங்க கூடு போடக் கூடாது, முக்குளிச்சுக் கையாலயோ சின்ன வலையாலயோதான், லைசென்ஸோட லாப்ஸ்டர் பெர்மிட்டும் சேத்து வாங்கணும். ஒரு ஊர்ல கேட்டதை வச்சு இன்னொரு ஊர்ல இறங்கிடாதீங்க.

நாள், நேரத்துக்கும் கட்டுப்பாடு இருக்கு. ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் பொழுது சாஞ்சு அரை மணி நேரத்துக்கு அப்புறம் மறுநாள் விடியறதுக்கு அரை மணி முன்னாடி வரைக்கும் கூட்டைத் தூக்கக் கூடாது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசமும் சனிக்கிழமை சாயங்காலம் 4 மணில இருந்து திங்கக்கிழமை விடிகாலை வரைக்கும் லீவு. வேலைக்குப் போற நமக்கு ஞாயித்துக்கிழமைதான் தோதுன்னு நெனச்சு லைசென்ஸ் எடுக்கிறவங்க இதை முன்னாடியே தெரிஞ்சுக்கணும், நான் தெரியாம பிளான் போட்டு அப்புறம் புதன்கிழமை விடிகாலைக்கு மாத்திக்கிட்டேன்.

அடுத்து சொல்றதுதான் ரொம்ப முக்கியம், சுத்திப் பாக்க வர்றவங்க இதுலதான் மாட்டுறாங்க. அடுத்தவங்க கூட்டைத் தொடாதீங்க. மிதவையைக் கூட இழுத்துப் பாக்காதீங்க. நான் வந்த முதல் வருஷம் கயாக் ஓட்டிட்டுப் போறப்ப ஒரு மிதவையைப் பிடிச்சு, கயிறு எவ்வளவு ஆழம் போகுதுன்னு பாக்க ரெண்டு முழம் இழுத்துட்டேன், எடுக்கணும்னு எண்ணமே இல்ல. தூரத்துல இருந்து ஒரு போட் நேரா என்கிட்ட வந்து நின்னுச்சு. அதுல இருந்தவர் கத்தல, "அது என் பிள்ளைங்க சாப்பாடு"ன்னு மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்னிக்கும் காதுல இருக்கு. சட்டப்படி கூட்டுக்காரரும், மரைன் பேட்ரோல்ங்கிற கடல் போலீஸ் அதிகாரிங்களும்தான் தொடலாம், தொழில்காரர் இன்னொரு தொழில்காரரோட கூட்டைத் தொட்டா லைசென்ஸே வருஷக்கணக்குல போயிடும். சட்டத்துக்கு வெளிய எழுதாத முறையும் உண்டு, ஒரு துறைமுகத்துக்காரங்க கூடு போடுற இடத்துல வெளியாள் வந்து போட்டா முதல்ல அவர் மிதவைல கயித்தைச் சுத்தி ஒரு முடிச்சுப் போட்டு வச்சுட்டுப் போவாங்க, அது எச்சரிக்கை, அதுக்கும் நகரலைன்னா அடுத்தது கயிறு அறுபடும். அறுக்கிறது குத்தம்தான், ஆனா நடக்குது.

கயிறுன்னதும் திமிங்கிலத்தைச் சொல்லாம விட முடியாது. இந்தக் கடல்ல போற ரைட் வேல்னு ஒரு வகைத் திமிங்கிலம் மொத்தமே 400க்கும் கீழதான் மிச்சம் இருக்கு, அது மிதவைக் கயித்துல சிக்கிக்கும்னு, 1700 பவுண்டு இழுத்தா அறுந்து போற மாதிரி கயித்துல பலம் குறைஞ்ச இடம் வைக்கணும், மெய்ன் கயிறுன்னு தெரிய ஊதாக் கலர் அடையாளம் வைக்கணும்னு விதி வந்திருக்கு. எங்க தெருப் பெரியவர் அதுக்காக ஒரு குளிர்காலம் பூரா ஷெட்ல உக்காந்து கயிறு கயிறா ஊதாப் பெயிண்ட் அடிச்சார். அவர் தன் வாழ்நாள்ல ஒரு தடவை கூட அந்தத் திமிங்கிலத்தைப் பாத்ததே இல்லைன்னு சொல்லுவார், இருந்தாலும் அடிச்சார்.

இவ்வளவு விதி போட்டு என்ன பலன்னு கேட்டா, 1980கள் வரைக்கும் மெய்ன்ல வருஷத்துக்கு 2 கோடி பவுண்டு போலத்தான் லாப்ஸ்டர் கரைக்கு வந்துச்சு, 2016ல 13 கோடி பவுண்டைத் தாண்டுச்சு. விதி மட்டுமே காரணம்னு சொன்னா அது நேர்மையா இருக்காது, குட்டி லாப்ஸ்டரைத் தின்ற காட் மீன் குறைஞ்சதும், தண்ணி கொஞ்சம் சூடானதும் சேந்துதான். இப்ப அந்தச் சூடு இன்னும் ஏறிட்டே போறதால லாப்ஸ்டர் வடக்கயும் ஆழத்துக்கும் நகருது, பிடிப்பு 10 கோடிக்கும் கீழ இறங்கிடுச்சு. ஆனா தாயை விட்டு வச்சதாலதான் நல்ல காலம் வந்தப்ப பெருகுறதுக்கு அங்க ஏதோ இருந்துச்சுங்கிறது என்னோட நம்பிக்கை.

நம்ம ஊரை நெனச்சுத்தான் எனக்கு ஏக்கம். சிங்கி இறாலுக்கு இந்தியாவுல 2003ல ஏற்றுமதிக்குக் குறைஞ்சபட்ச எடை வச்சாங்க, நம்ம பக்கம் அதிகமா கிடைக்கிற வகைக்கு 200 கிராம், பெரிய மணி சிங்கிக்கு 500 கிராம். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலமும் இருக்கு. ஆனா எடை விதி ஏற்றுமதி ஆகுற இடத்துல நிக்குது, வலையில மாட்டுற இடத்துல நிக்கல. சினையோட வர்ற சிங்கியை எங்க கரையில ஏலத்துல போட்டு நான் சின்ன வயசுல எத்தனையோ தடவை பாத்திருக்கேன், அப்ப அது யாருக்கும் தப்பா தெரியல, எனக்கும் தெரியல. அதுவும் வலையில சிக்கினா கால் ஒடிஞ்சு, மீசை ஒடிஞ்சு வரும், விட்டாலும் பிழைக்கிறது கஷ்டம். கூட்டுல வர்றது முழுசா, உயிரோட, விட்டா அப்படியே நீந்திப் போற மாதிரி வருது. எங்க தாத்தா காலத்துல நம்ம பக்கமும் கூடு பின்னி இறக்கித்தான் பிடிச்சாங்கன்னு அம்மா சொல்லுவாங்க.

சித்தி பையன் ஊருக்குத் திரும்புறதுக்கு முந்தின நாள், சுத்திப் பாக்க வர்றவங்களைக் கூட்டிட்டுப் போற ஒரு லாப்ஸ்டர் போட்டுல ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தேன். மெய்ன்ல இது நெறைய துறைமுகத்துல இருக்கு, கேப்டன்கிட்ட லைசென்ஸ் இருக்கிறதால நமக்கு எந்தப் பெர்மிட்டும் வேண்டாம், லைசென்ஸ் இல்லாதவங்க கூடு தூக்குறதைக் கிட்டத்துல பாக்கிறதுக்கு இதுதான் சரியான வழி. அன்னைக்கு நாலாவது கூட்டுல பெருசா ஒண்ணு வந்துச்சு, கேப்டன் பித்தளைக் கோலை இவன் கையில குடுத்து அளக்கச் சொன்னார். கண்குழியில முனையை வச்சு அளந்தான், அளவு சரியா இருந்துச்சு, முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, யாரும் சொல்லாமலேயே அதைத் திருப்பி வாலை விரிச்சுப் பாத்தான். வலது பக்கத் துடுப்புல ஓரத்துல பாதி ஆறிப் போன ஒரு வெட்டு. "அண்ணே, இதை ஏற்கனவே யாரோ பாத்திருக்காங்கண்ணே"ன்னு சொல்லிட்டு, போட்டு ஓரத்துக்குப் போய் குனிஞ்சு தண்ணில விட்டான்.